டீ ரூம் போச்சு, பச்சை மார்க் வந்துச்சு: செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல நான் என்ன பேச?

பொதிகைப்பொண்ணு (டர்பன்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் பிறந்தவ நான். கல்யாணமாகி டர்பன் வந்து 14 வருஷம் ஆச்சு. இங்க நர்சிங் கவுன்சில் பரீட்சையை மறுபடி எழுதித் தேறி, ஊருக்கு வெளிய ஒரு அரசு கிளினிக்ல சிஸ்டரா இருக்கேன். எந்த கிளினிக்னு மட்டும் கேக்காதீங்க.

விஷயம் ஒரு கெட்டில்ல ஆரம்பிக்குது.

எங்க கிளினிக்குப் பின்பக்கம் ஒரு சின்ன ரூம் இருந்துச்சு. ஒரு மேசை, ஆறு நாற்காலி, அதுல ரெண்டுக்கு முதுகு கிடையாது. பத்து மணிக்கு ஆள் மாத்தி ஆள் பத்து நிமிஷம் அங்க உக்காருவோம். என் மாமியார் கட்டிக் குடுக்கிற வடையும், எங்க ஸ்டாஃப் நர்ஸ் வாசல்ல வாங்கிட்டு வர்ற அமக்வின்யாவும் ஒரே தட்டுல இருக்கும். அமக்வின்யா தெரியாதவங்களுக்கு: நம்ம இனிப்பு போண்டாவோட ஜூலு வீட்டு அக்கான்னு வச்சுக்கோங்க. எந்தப் பேஷண்ட் மருந்தை நிறுத்திட்டாரு, எந்தப் பிள்ளைக்கு எடை ஏறல, யாரு வீட்டுல சாவு, எல்லாம் அந்த மேசையிலதான் பேசுவோம். யாரும் அதை மீட்டிங்னு சொன்னதில்ல.

போன வருஷம் 'ஐடியல் கிளினிக்' வேலை சூடு பிடிச்சது. தென்னாப்பிரிக்க அரசு 2013-ல தொடங்கின திட்டம் அது. இருநூறுக்கு மேல அம்சங்கள் உள்ள ஒரு பட்டியல், ஒவ்வொண்ணுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. மார்க்கைப் பொறுத்து வெள்ளி, தங்கம், பிளாட்டினம். பட்டியல் தப்புன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எமர்ஜென்சி டிராலி நிரம்பி இருக்கணும், ஆக்சிஜன் சிலிண்டர்ல பிரஷர் இருக்கணும்னு அதுல இருக்கு. டிராலி காலியா கிடந்த ஒரு நாள்ல, வலிப்பு வந்த குழந்தையைக் கையில வச்சுக்கிட்டு நின்னவ நான். எனக்குத் தெரியும் அந்தப் பட்டியலோட அருமை.

ஆனா ஆலோசனை சொல்றதுக்குத் தனி ரூம் வேணும்னு வந்துச்சு. எங்ககிட்ட இல்ல. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேசையைத் தூக்கிட்டாங்க. திங்கக்கிழமை வந்து பார்த்தா கதவுல புதுப் பலகை. எங்க கிளார்க் கெட்டிலை என் கையில குடுத்து, "சிஸ்டர், இதை எங்கயாவது வச்சுக்கோங்க"ன்னாரு. இப்ப அது என் லாக்கர்ல, செருப்புக்கு மேல இருக்கு.

அடுத்தது காத்திருப்பு நேரம். வந்ததிலிருந்து போறது வரைக்கும் மூணு மணி நேரத்துக்குள்ள முடியணும். ஒவ்வொரு பேஷண்ட் கையிலயும் ஒரு கார்டு, ஒவ்வொரு மேசையிலயும் நேரம் எழுதணும். வாராவாரம் சராசரியைப் போர்டுல ஒட்டுறாங்க. முன்னல்லாம் காலையில கதவைத் திறந்ததும் எங்க நர்சிங் அசிஸ்டென்ட் ஒரு ஜூலு ஜெபப் பாட்டு ஆரம்பிப்பாங்க. வரிசையில நிக்கிற எல்லாரும் சேர்ந்து பாடுவாங்க. நான் சாமி கும்புடுற ஆளு, முருகனைத் தவிர யாரையும் தெரியாது, ஆனாலும் அந்தப் பாட்டு காதுல விழுந்தாதான் எனக்கு அன்னிக்கு வேலைக்கு வந்த மாதிரி இருக்கும். பத்து நிமிஷம் வீணாகுதுன்னு அதையும் நிறுத்தியாச்சு. ஒரு கோகோ (இங்க பாட்டிமாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்கிட்ட வந்து, "உங்க கடவுளுக்கு இப்ப லீவா?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுட்டேன். அப்புறம் அன்னிக்குப் பூரா அதுவே மனசுல கிடந்துச்சு.

நம்பர் என்னவோ நல்லாத்தான் இறங்கியிருக்கு. மேல இருந்து பாராட்டுக் கடிதம் வந்துச்சு, ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கோம். அதே ஆறு மாசத்துல ரெண்டு சிஸ்டர் வேலையை விட்டுப் போயாச்சு, அந்த இடங்கள் நிரப்பப்படல. ஸ்டாஃப் நர்ஸுக்கு பி.பி. ஏறிப்போச்சு. நான் வீட்டுக்கு வந்தா காரை நிறுத்திட்டு இருபது நிமிஷம் உள்ளயே உக்காந்திருக்கேன். என் மகன் ஜன்னல் வழியா பார்த்துட்டு, "அம்மா போன் பேசுறா"ன்னு அவங்க அப்பாகிட்ட சொல்றான். நான் யாருகிட்டயும் பேசல.

வேடிக்கை என்னன்னா, எங்க ஃபைல்ல 'ஊழியர் திருப்தி சர்வே' ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை நடத்தணும். நடத்தினாங்க. நாங்களும் எழுதிக் குடுத்தோம். ஃபைல்ல போட்டதும் அந்தக் கட்டம் பச்சையாயிடுச்சு. அவ்வளவுதான்.

வர்ற செவ்வாய்க்கிழமை மீட்டிங். நம்ம சுகாதாரத் துறை முன்னுரிமைன்னு சொன்ன ஆறு விஷயங்கள்ல முதல்ல வர்றதே ஊழியர்களோட நடத்தையும் மனப்பான்மையும்தான். அதனால நான் வாயைத் திறந்தா "சிஸ்டருக்கு ஆட்டிட்யூட் சரியில்ல"ன்னு முடிச்சுருவாங்க. மேம்பாடு வேண்டாம்னு சொல்லாம, இது எங்களைத் தின்னுதுன்னு எப்படிச் சொல்றது? யாராச்சும் இதைத் தாண்டி வந்திருந்தா சொல்லுங்க.

—

டொங்காட் மகன் எழுதியது:

சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. நான் வரிசையில நிக்கிற பக்கத்து ஆளு.

எங்க அம்மாவுக்குச் சர்க்கரை, பி.பி., ரெண்டும். 2015 வரைக்கும் மாசாமாசம் காலையில நாலரைக்கு எழுப்பிக் கூட்டிட்டுப் போவேன். இருட்டுல, மழையில, கேட்டுக்கு வெளிய. உங்க கார்டுல நேரம் ஏழு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். எங்க காலு வலி நாலரைக்கே ஆரம்பிச்சிரும். அதனால "மூணு மணி நேரத்துல முடிச்சோம்"னு போர்டுல பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். மருந்தை வெளியில வாங்கிக்கிற திட்டம் வந்துச்சு பாருங்க, நோய் கட்டுக்குள்ள இருக்கிறவங்க கிளினிக்குக்கு வராம மருந்துக்கடையிலயே பாக்கெட்டை வாங்கிக்கலாம்னு, அது எங்க அம்மாவுக்கு மறுபிறப்பு. இப்ப மாலுக்குப் போற மாதிரி போறாங்க, லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு. அந்த மாதிரி ஒண்ணு செஞ்சா உங்களுக்கும் நல்லதுதானே? டீ ரூமுக்காக மொத்தத்தையும் குறை சொல்லாதீங்க. எங்க அம்மாவைக் கத்தின சிஸ்டர்களையும் நான் பார்த்திருக்கேன்.

—

பொதிகைப்பொண்ணு:

தம்பி, கோவம் இல்ல. கத்தினது நானாக்கூட இருக்கலாம்.

நீங்க சொன்ன அந்த மருந்துத் திட்டம் 2014-ல வந்தது. அது வந்தப்ப நாங்க குடுத்து வச்சவங்கன்னுதான் நினைச்சோம். நெஜமாவே கூட்டம் குறைஞ்சது. ஆனா உள்ள இருந்து பார்த்தா இன்னொண்ணும் நடந்துச்சு. உங்க அம்மா மாதிரி ஆளுங்கதான் எங்க நாளை லேசாக்கினவங்க. வருவாங்க, பி.பி. பார்ப்போம், "என்ன கோகோ, உப்பைக் குறைச்சாச்சா?" "குறைச்சாச்சு சிஸ்டர்"னு பொய் சொல்வாங்க, ரெண்டு பேரும் சிரிப்போம், அஞ்சு நிமிஷத்துல போயிருவாங்க. அவங்க எல்லாம் மருந்துக்கடைக்குப் போனதும் மிச்சம் இருக்கிறவங்க எல்லாருமே சிக்கலான கேஸ். மருந்து வேலை செய்யாத எச்.ஐ.வி., திரும்ப வந்த டி.பி., புருஷன் அடிச்சு வந்த கர்ப்பிணி. தலை எண்ணினா கம்மி. ஒவ்வொரு தலைக்கும் அரை மணி நேரம். மேல இருக்கிறவங்க தலையைத்தான் எண்ணுறாங்க.

திட்டம் நல்லது, நான் மாத்திப் பேசல. அது எங்க வேலையோட முகத்தையே மாத்திருச்சுன்னு யாரும் வந்து பார்க்கல. அவ்வளவுதான் நான் சொல்றது.

நேரம் ஏழு மணிக்குத்தான் ஆரம்பிக்குதுன்னு சொன்னீங்க. சரிதான். வெக்கமா இருக்கு. ஃபைல் கிடைக்கிற வரைக்கும் சில நாள் ஏழரைக்குத்தான் எழுதுறாங்க.

—

சாட்ஸ்வொர்த் ஆன்ட்டி எழுதியது:

மகளே, நான் ரிட்டயர் ஆன மேட்ரன். 38 வருஷம் வேலை பார்த்தேன். என் தமிழ் கோயில் பள்ளிக்கூடத் தமிழ், பேத்தி போன்ல நான் பேசப் பேச அதுவா எழுதுது. பிழை இருந்தா போன் மேல போடுங்க.

உங்க டீ ரூம் கதையைப் படிச்சப்ப எனக்கு 2009 ஞாபகம் வந்துச்சு. அப்ப தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. போகாம தடுக்கிற வேலையில நாங்க கழுத்து வரைக்கும் முங்கிக் கிடந்தோம். அதுக்கு முந்தின வருஷங்களை உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. நெவிராபின் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் குடுக்கணும்னு 2002-ல அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லித்தான் வழி திறந்துச்சு. பெரியவங்களுக்கான மருந்து 2004-லதான் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி நாங்க பண்ணின நர்சிங்ல பாதி, பிணத்தைத் துடைக்கிறதுதான். அப்ப யாரும் எங்களை எப்படி இருக்கீங்கன்னு கேட்டதில்ல. நாங்களும் கேட்டுக்கலை.

சரி, 2009. ஒரு பொண்ணு வந்தா, தர மேம்பாட்டுக்குன்னு. நான் மனசுக்குள்ள, வந்துட்டா இன்னொருத்தி ஃபைலோடன்னு நினைச்சேன். அவ ஃபைலைத் திறக்கலை. ஒரு காகிதம், ஒரு பென்சில். "ரத்தம் எடுத்த பத்து கர்ப்பிணிகள்ல எத்தனை பேருக்கு சி.டி.4 (உடம்போட எதிர்ப்புச் சக்தியைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) ரிசல்ட் பிரசவத்துக்கு முன்னாடி கைக்கு வந்துச்சு?"ன்னு கேட்டா. எங்களுக்குத் தெரியலை. ஏழு எட்டு இருக்கும்னு நெனச்சோம். எண்ணினோம். நாலு.

யாரும் எங்களைத் திட்டலை. நாங்களே எங்களைப் பார்த்துக்கிட்டோம். எங்க நர்சிங் அசிஸ்டென்ட் ஒருத்தி, மூலையில உக்காந்து பேசவே மாட்டா, அவதான் சொன்னா: "லேப் வண்டி பதினொரு மணிக்குப் போயிருது மேட்ரன். அதுக்கு அப்புறம் எடுக்கிற ரத்தம் மறுநாள் வரைக்கும் கிடக்குது, சிலது கெட்டுப் போகுது. கர்ப்பிணிகளை நாம கடைசியிலதானே பார்க்கிறோம்." இருபது பேரு வேலை பார்க்கிற இடம், அவ ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்கு. கர்ப்பிணிகளுக்கு முதல்ல ரத்தம் எடுக்க ஆரம்பிச்சோம். காசு செலவில்ல, புது ஆளு இல்ல. செவத்துல சார்ட் பேப்பர் ஒட்டி வாராவாரம் புள்ளி வச்சோம். நாலு, அஞ்சு, அஞ்சு, ஏழு, எட்டு. அந்தப் புள்ளியை அவதான் வைப்பா. வேற யாரையும் வைக்க விடமாட்டா! ஆறு வாரக் குழந்தைக்குக் குதிங்கால்ல குத்தி எடுத்த டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தா, ரிசல்ட்டை எடுத்துக்கிட்டு வார்டு வார்டா ஓடுவா.

அந்த வருஷமும் எங்களுக்கு ஆள் கம்மிதான். வேலை கூடத்தான் இருந்துச்சு. ஆனா யாரும் காருக்குள்ள உக்காந்து இருக்கலை. நீங்க இருக்கீங்க. ரெண்டும் மேம்பாடுதான், ரெண்டுலயும் எண்ணுறாங்க, ரெண்டுலயும் செவத்துல ஒட்டுறாங்க. எங்க புள்ளியை நாங்க வச்சோம். உங்க புள்ளியை யாரு வைக்கிறாங்க?

கெட்டிலை லாக்கர்ல வைக்காதீங்க, துருப்பிடிக்கும்.

—

லெனேசியா குவாலிட்டி எழுதியது:

சிஸ்டர், நீங்க திட்டுற ஆளு நான்தான். ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில தரக் கட்டுப்பாட்டு ஒருங்கிணைப்பாளர். பிறந்தது மதுரை, படிச்சது பார்மசி, இப்ப பொழப்பு எக்செல்.

முதல்ல ஒரு சமாதானம்: எனக்கும் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேலிடத்துல இருந்து போன் வரும். "ஏன் இன்னும் சிவப்பு?" அந்தக் கேள்வியை நான் அப்படியே கீழ தள்ளிவிட்டா அதுதான் உங்ககிட்ட வந்து சேர்றது. உங்க மேனேஜரும் அப்படித்தான் நடுவுல மாட்டியிருப்பாங்க. அவங்களைக் காப்பாத்துறதுக்குச் சொல்லல. மீட்டிங்ல எதிரியா நினைச்சுப் பேசினா காரியம் நடக்காதுன்னு சொல்றேன்.

ரெண்டாவது, நீங்க கேக்கிறது சோம்பேறித்தனம் இல்ல. இந்தத் துறைக்காரங்களே ஒத்துக்கிட்ட விஷயம்தான். 2008-ல அமெரிக்காவுல டொனால்ட் பெர்விக்கும் கூட இருந்தவங்களும் மூணு குறிக்கோள்னு எழுதினாங்க: நோயாளிக்கு நல்ல அனுபவம், மக்களுக்கு நல்ல ஆரோக்கியம், தலைக்கு ஆகிற செலவு குறையணும். உலகம் பூரா அதைப் பிடிச்சுக்கிச்சு. 2014-ல போடன்ஹைமரும் சின்ஸ்கியும், ரெண்டு பேருமே டாக்டர்கள், நாலாவதா ஒண்ணு சேருங்கன்னு கேட்டாங்க: வேலை செய்றவங்களோட வாழ்க்கை. அவங்க காஞ்சு போனா முதல் மூணும் நிக்காதுன்னு. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல, வேலையில கருகிப்போறதுங்கிறது வேலை இடத்துல இருந்து வர்ற விஷயம்னுதான் வரையறை குடுத்துச்சு, அதை நோய்னு சொல்லல. அதாவது உங்களை யோகா கிளாஸுக்கு அனுப்பிட்டு டீ ரூமை எடுத்துக்கிட்டா அது வைத்தியம் ஆகாது.

கிறிஸ்டினா மாஸ்லாக்னு ஒரு அம்மா 1981-ல இதுக்கு ஒரு அளவுகோல் போட்டாங்க. மூணு அடையாளம். மனசு வறண்டு போறது ஒண்ணு. எதிர்ல இருக்கிற மனுஷன் மனுஷனா தெரியாம போறது ரெண்டு. நாம செய்றதால ஒரு பயனும் இல்லன்னு தோணுறது மூணு. முதல் அடையாளம் உங்க காருக்குள்ள இருக்கு. ரெண்டாவது வந்துருச்சான்னு நீங்களே பாருங்க.

இப்ப செவ்வாய்க்கிழமைக்கு. புகாரா கொண்டு போகாதீங்க, எண்ணிக் கொண்டு போங்க. எண்ணுறவங்ககிட்ட எண்ணிக்கைதான் செல்லும். என் யோசனை: முதல் தடவை வர்ற ஒரே ஒரு கர்ப்பிணி. அவங்க பேரை நீங்க எத்தனை இடத்துல எழுதுறீங்கன்னு ஒருநாள் பென்சில் வச்சு எண்ணுங்க. கார்டு, ரெஜிஸ்டர், லேப் பாரம், டிக் ஷீட், எல்லாம். அப்புறம் ஒரே கேள்வி: "இதுல எதை நிறுத்தலாம்?" புதுசா ஒண்ணு சேர்த்தா பழசு ஒண்ணு போகணும்னு எங்க இடத்துல நாங்க வழக்கமாக்கிட்டோம். எல்லா நேரமும் நடக்கிறதில்ல. நடக்கும்போது ஜனங்க மூஞ்சியைப் பார்க்கணுமே.

இன்னொண்ணு, பாட்டை மொத்தமா நிறுத்தினது தப்பு முறை. மேம்பாட்டுப் பாடத்துல திட்டமிடு, செய்து பார், ஆராய், செயல்படுத்துன்னு ஒரு சக்கரம் சொல்லிக் குடுப்பாங்க. ஒரு நாள், ஒரு ஆளு, சின்னதா செஞ்சு பார்க்கிறதுதான் அதோட உயிரே. நம்ம ஊர்ல திட்டமிடு, செய், செய், செய்னு போயிருது. பாட்டு இல்லாத ஒரு வாரம், பாட்டு உள்ள ஒரு வாரம், காத்திருப்பு நேரம் எவ்வளவு வித்தியாசம்னு யாராச்சும் பார்த்தாங்களா? நான் பந்தயம் கட்டுறேன், ஒண்ணும் இருக்காது. ஏழு மணிக்கு எப்படியும் ஃபைல் தேடிக்கிட்டுதானே இருக்காங்க.

—

சாட்ஸ்வொர்த் ஆன்ட்டி:

தம்பி நல்லா எழுதுறீங்க, பேத்தி படிச்சுக் காட்டினா. ஒண்ணே ஒண்ணு. ரெண்டு சிஸ்டர் போன இடம் காலியா கிடக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. அதுக்கு நீங்க பென்சில் குடுக்கிறீங்க. எங்க 2009 கதையை நான் ரொம்ப அழகா சொல்லிட்டேனோன்னு எனக்கே பயமா இருக்கு, ஏன்னா மேல இருக்கிறவங்க அந்த மாதிரிக் கதையைக் கேட்டுட்டு "பாருங்க, ஆள் இல்லாமலே முடியுது"ன்னு சொல்லுவாங்க. சொல்லியிருக்காங்க, என் முன்னாடியே. எண்ணும்போது காலி இடத்தையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்க.

—

லெனேசியா குவாலிட்டி:

ஒத்துக்கிறேன் ஆன்ட்டி. அது பென்சிலால தீராது. சிஸ்டர், மீட்டிங் குறிப்புல அந்த ரெண்டு காலி இடமும் எழுதப்படுதான்னு பாருங்க. பேசினது காத்துல போயிரும்.

—

பொதிகைப்பொண்ணு:

ரெண்டாவது அடையாளம் வந்துருச்சு. நேத்து ஒரு ஆளை "அந்த நாப்பத்தேழு எங்க?"ன்னு கூப்பிட்டேன். கார்டு நம்பர். அவரு பேரு எனக்குத் தெரியும், மூணு வருஷமா வர்றவரு. அவரும் நாப்பத்தேழுன்னு கூப்பிட்டதும் எழுந்து வந்தாரு. அதுதான் எனக்குத் தாங்கல.

இன்னிக்கு எண்ணிப் பார்த்தேன். ஒரு கர்ப்பிணி, முதல் தடவை. பேரை எழுதினது ஒன்பது இடத்துல. ஸ்டாஃப் நர்ஸ் நம்பாம அவங்களும் எண்ணினாங்க. "ஹாய்போ!"ன்னு ஒரு சத்தம். அவங்களுக்குப் பத்து வந்துச்சாம், லேப் டியூப் மேல ஒட்டுறதை நான் விட்டுட்டேன்.

செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் வர்றேன்.

—

பொதிகைப்பொண்ணு (ஒன்பது நாள் கழிச்சு):

மன்னிக்கணும், தாமதமாயிடுச்சு. இடையில நெருங்கின உறவுல மாரியம்மன் கூழ் ஊத்தினாங்க, ரெண்டு நாள் அடுப்படியிலயே போச்சு.

மீட்டிங் நடந்துச்சு. காகிதத்தை மேசையில வச்சேன். பத்து இடத்தையும் வரிசையா எழுதியிருந்தேன், பக்கத்துல "யாருக்குப் போகுது?"ன்னு ஒரு கட்டம். மேனேஜர் முதல்ல முகத்தைச் சுளிச்சாங்க. அப்புறம் பேனாவை எடுத்து அவங்களே நிரப்ப ஆரம்பிச்சாங்க. ஆறுக்கு உடனே எழுதினாங்க. மூணு, மாவட்டத்துக்குப் போகுது, கேட்டுப் பார்க்கிறேன்னாங்க. ஒண்ணுல நின்னுட்டாங்க. நீல அட்டை போட்ட ஒரு ரெஜிஸ்டர். யாருக்குப் போகுதுன்னு அவங்களுக்கும் தெரியல. கிளார்க்கைக் கூப்பிட்டாங்க. அவருக்கும் தெரியல. பழைய திட்டம் ஒண்ணுக்காக வந்ததாம், அந்தத் திட்டம் முடிஞ்சு அவங்க ஆட்களும் போயாச்சாம். ரெண்டு வருஷமா யாரும் வந்து கேட்டதே இல்ல. நாங்க தினமும் எழுதிக்கிட்டு இருக்கோம்.

யாரும் சிரிக்கல. மேனேஜர் அந்த ரெஜிஸ்டரை மூடி தன் பையில போட்டுக்கிட்டாங்க.

காலி இடங்கள் குறிப்புல ஏறியிருக்கு. போன கூட்டத்துலயும் ஏறியிருந்ததாம், அதுக்கு முந்தினதுலயும். ஆன்ட்டி, நீங்க சொன்னது இங்கயும் நடந்துச்சு. ஆள் கேட்டதுக்கு, காத்திருப்பு நேரம் குறைஞ்சிருக்கேன்னுதான் பதில்.

டொங்காட் தம்பி, உங்க பேச்சையும் சொன்னேன், பேரு சொல்லாம. கேட்டுல செக்யூரிட்டிகிட்ட கார்டைக் குடுத்து அஞ்சரையில இருந்தே நேரம் எழுதிப் பார்க்கலாம்னு. அதுக்கு மேனேஜர் ஒத்துக்கல. சராசரி சிவப்பாயிரும்னாங்க. பொய் சொல்லல, முகத்துக்கு நேரா சொன்னாங்க, அந்த மட்டுக்கும் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஒரு வாரம் மட்டும், போர்டுல ஒட்டாம எண்ணிப் பார்க்க விட்டிருக்காங்க. இந்த வாரம் நடக்குது.

டீ ரூம் திரும்பக் கிடைக்கல. ஆலோசனை ரூமும் வேணும்தானே, அங்க உக்காந்து அழுத பொண்ணுங்களை நானே பார்த்திருக்கேன். ஆனா பின்னால அவகாடோ மரத்தடியில ரெண்டு பெஞ்ச் போட்டிருக்கோம். மழை வந்தா ஒண்ணும் இல்ல. கெட்டில் இப்ப பார்மசி ஜன்னல் பக்கத்து பிளக்ல. கரண்ட் இருந்தா டீ.

பாட்டு பத்தி மீட்டிங்ல பேச நேரமில்லாமப் போச்சு. மறுநாள் காலையில நர்சிங் அசிஸ்டென்ட் யாரையும் கேக்காம ஆரம்பிச்சுட்டாங்க.

அப்புறம் ஆன்ட்டி, உங்களுக்காக ஒண்ணு. காத்திருப்பு நேரப் போர்டுக்குப் பக்கத்துல எங்க ஸ்டாஃப் நர்ஸ் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருக்காங்க. அன்னிக்கு வேலைக்கு வந்த ஒன்பது பேர்ல எத்தனை பேரு உக்காந்து டீ குடிச்சாங்கன்னு தினமும் ஒரு புள்ளி. ரெண்டு, ரெண்டு, மூணு, ஒண்ணு, நாலு. மாவட்டத்துல இருந்து வந்த ஒரு ஆபீசர் அதுக்கு முன்னால நின்னு, "இது எந்த இண்டிகேட்டர்?"ன்னு கேட்டாரு. ஸ்டாஃப் நர்ஸ் மூஞ்சியில ஒரு சுருக்கம் இல்லாம, "பைலட் புராஜெக்ட் சார்"னாங்க.

நேத்து ஆறு. அந்த ஆறுல நானும் ஒருத்தி.